ஆங்கில ஸ்பெல்லிங்: தமிழ்க் காதுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

மதுரைப் பக்கம் "அவுக வந்துட்டாக" என்று பேசுகிறோம். தாளில் எழுதும்போது "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்கிறோம். பேச்சு எங்கேயோ போய்விட்டது, எழுத்து பழைய இடத்தில் நிற்கிறது என்பது இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கில ஸ்பெல்லிங்கில் நடந்ததும் இதுவே. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த காலத்தை ஒட்டி எழுத்து உறையத் தொடங்கியது. உச்சரிப்போ அதன் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மாறிக்கொண்டே போனது. இன்று நாம் எழுதுவதில் பெரும்பகுதி அந்தப் பழைய பேச்சின் பதிவு.

ஆகவே ஆங்கில ஸ்பெல்லிங்கைக் கண்மூடி மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு விசித்திரத்துக்கும் ஒரு காலமும் காரணமும் உண்டு. தமிழ்வழியில் படித்து, ஆறாம் வகுப்புக்கு மேல் ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைக்கு வீட்டிலோ மாலை டியூஷனிலோ சொல்லித்தருபவர்களுக்காக இது எழுதப்படுகிறது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு டியூஷன் வகுப்பில் கரும்பலகையும் ஒரு போனும் இருந்தால் போதும்.

முதலில் ஒரு ஏற்பாடு. எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதும்போது இரண்டு ஜோடிகள் ஒன்றுபோல் வரும். டீச்சரில் முதலில் வருவது "டீ", டாக்டரில் முதலில் வருவது "டி". பேப்பரில் வருவது "பீ", பஸ்ஸில் வருவது "பி". கீழே எல்லா இடத்திலும் அப்படியே வரும்.

படி 1: எந்த வகைப் பிழை என்று பாருங்கள்

ஒரே உட்காரலில் 40 சொற்களை டிக்டேஷன் கொடுங்கள். சொல்லுக்கு 20 விநாடி போதும். மதிப்பெண் போட வேண்டாம். நான்கு பத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காதைச் சோதிப்பவை: ஆபீஸ், ஷாப், டாக்டர், வாட்ச், சிட்டி, காப்பி (நகல்), பேக் (பை), பேக் (அடுமனையில் ரொட்டி வேகவைப்பது), ஃபேன், டேப் (குழாய்).

விதியைச் சோதிப்பவை: ஹோப்பிங், ஹாப்பிங், பிகினிங், ஓப்பனிங், நோட்டீசபிள், கிச்சன், பிரிட்ஜ், ஸ்டடீட், பிலீவ், ரிசீவ்.

சொல்லைப் பிரிக்கத் தெரியுமா என்று சோதிப்பவை: அக்காமடேஷன், புரொஃபசர், நெசசரி, டுமாரோ, டிஃபரன்ட், ரெகமெண்ட், அட்ரஸ், டிசப்பாயின்ட், டிஸ்கஷன், கமிட்டி.

வரலாற்றைச் சோதிப்பவை: நைஃப், டெட் (கடன்), ஐலண்ட், நைட் (இரவு), லாஃப், குட் (முடிந்தது என்ற பொருளில்), வாக் (நடை), வெட்னஸ்டே, ஸ்கூல், சைக்காலஜி.

தமிழில் ஒன்றுபோல் ஒலிப்பவற்றுக்குப் பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு தப்பானவற்றை மட்டும் நான்கு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பத்தியில் ஐந்துக்கு மேல் தப்பு இருந்தால் அதற்குரிய படியில் தொடங்குங்கள்: காதுக்குப் படி 2, விதிக்குப் படி 3, பிரிப்பதற்குப் படி 4, வரலாற்றுக்குப் படி 5, 6. காதுப் பிழை உள்ள பிள்ளைக்கு விதி சொல்லிக்கொடுப்பது வீண் வேலை, ஏனென்றால் விதி கேட்கும் ஒலியே அந்தப் பிள்ளையின் காதில் விழுந்திருக்காது.

படி 2: தமிழ்க் காதைச் சரிசெய்தல்

பெரும்பாலான புத்தகங்கள் இந்தப் படியைத் தொடுவதே இல்லை. நம் பிள்ளைகளின் பிழைகளில் மிகப் பெரிய பங்கு இங்கேதான் பிறக்கிறது என்பதால் இதற்கு நிறைய நேரம் கொடுங்கள்.

முதலாவது "ஆ". ஆபீஸ், ஷாப், டாக்டர், காலேஜ், பாக்ஸ், கிளாக், ஹாட் என்று எல்லாவற்றையும் "ஆ" போட்டே சொல்கிறோம், எழுதுகிறோம். பிள்ளை அந்த ஆவைக் கேட்டு "ஏ" எழுத்தைப் போடும். டாக்டர் "டி-ஏ-சி" என்று தொடங்கும். உண்மையில் இவை எல்லாம் "ஓ" எழுத்துச் சொற்கள். ஆங்கிலத்தின் குறில் ஓகார ஒலி தமிழில் இல்லை, அது நம் வாயில் ஆவாக விழுகிறது. சொல்லித்தர வேண்டிய வழி இது: ஆ என்று கேட்டால் முதல் ஊகம் ஓ.

பிறகு விலக்குகளைச் சேருங்கள். ஆவுக்குப் பின் "ஆர்" வந்தால் ஏ: கார், பார்க், மார்க். பின்னால் எஸ், எஃப், டீ-எச் போன்றவை வரும் நெடில் ஆவுக்கும் ஏ: கிளாஸ், பாஸ், ஃபாஸ்ட், ஸ்டாஃப், பாத். முன்னால் டபிள்யூ அல்லது கியூ-யூ இருந்தால் ஒலி ஓவாக இருந்தும் எழுத்து ஏதான்: வாட்ச், வாஷ், வான்ட், குவாலிட்டி, குவான்டிட்டி. இந்தக் கடைசிக் கூட்டம் ஒருகாலத்தில் ஏ ஒலியோடுதான் இருந்தது. முன்னால் நின்ற டபிள்யூ உதட்டைக் குவிக்க வைத்ததால் உயிரொலி ஓ பக்கம் சரிந்தது, எழுத்து பின்தங்கிவிட்டது. ஆப்பிள், ஆக்சிடென்ட், ஆக்‌ஷன் என்று இன்னொரு சிறு கூட்டமும் உண்டு. அதில் உள்ளது ஆவும் ஏவும் சேர்ந்த ஒலி, எழுத்து ஏ. போனில் உள்ள ஆங்கில அகராதியில் ஒலியை அழுத்தி டாக்டரையும் ஆக்சிடென்டையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்யுங்கள். வாய் குவிகிறதா, விரிகிறதா என்று பார்த்தாலே வேறுபாடு புரியும்.

இரண்டாவது இரட்டிப்பு. சிட்டி, காப்பி, குவாலிட்டி, கெபாசிட்டி, யுனிவர்சிட்டி என்று தமிழில் அழுத்தமாகச் சொல்கிறோம். "கடி", "கட்டி" இரண்டையும் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் குரல் மென்மையாகிவிடும். வல்லோசை வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். அதனால் ஆங்கிலத்தில் வலிய "ட்" கேட்டதும் கை தானாக டீயை இரண்டாகப் போடுகிறது.

ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து இரட்டை ஒலியைக் காட்டுவதில்லை. தனக்கு முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டும் அடையாளம் அது. டின்னர், ஹாப்பிங், பெட்டர் எல்லாம் அப்படி. சிட்டியிலும் காப்பியிலும் உயிர் குறிலாக இருந்தும் ஏன் ஒற்றை? இவை பிரெஞ்சு வழியாக வந்தவை, அங்கே இருந்த ஒற்றை எழுத்தோடேயே வந்து தங்கின. பிட்டி (இரக்கம்), லிமிட், விசிட், ஹேபிட், ஃபினிஷ், பனிஷ், ஸ்டடி எல்லாம் அதே வழி. "இட்டி" என்று முடியும் பண்புப் பெயர்களில் டீ எப்போதும் ஒன்றே என்ற ஒற்றை விதி நூற்றுக்கணக்கான சொற்களைக் காப்பாற்றும். கமிட்டி அந்தக் கூட்டத்தில் சேராது. அதில் எம், டீ, இ மூன்றும் இரண்டிரண்டு.

மூன்றாவது கூர்மையும் மென்மையும். பேக், பேக், பேக் என்று தமிழில் ஒன்றாக எழுதுவது ஆங்கிலத்தில் பை, மூட்டை கட்டு, முதுகு என்று மூன்று சொல். சொல்லின் தொடக்கத்துக்கு ஒரு சோதனை: மெல்லிய தாளை வாய்க்கு இரண்டு அங்குலம் முன்னால் பிடித்து பீயைச் சொன்னால் தாள் ஆட வேண்டும், பியைச் சொன்னால் ஆடக் கூடாது. சொல்லித்தருபவரின் பீயே தமிழ்ப் பீயாக இருந்தால் தாள் அசையாது. அப்போது உதட்டிலிருந்து காற்று வெடித்து வரும்படி சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். சொல்லின் முடிவில் தாள் உதவாது, நீளத்தைக் கேட்க வேண்டும். ஜி, டி, பி முடிவில் வந்தால் அதற்கு முன் உள்ள உயிர் கொஞ்சம் இழுபடும். பையைக் குறிக்கும் சொல் முதுகைக் குறிக்கும் சொல்லைவிட நீளமாக ஒலிக்கும்.

எஃப், இசட் இரண்டுக்கும் ஒரு வகுப்பு போதும். கீழுதட்டை மேற்பல்லில் வைத்து ஊதினால் எஃப். தொண்டையில் விரல் வைத்து எஸ் சொல்லி, அதிர்வு வரும்படி மாற்றினால் இசட்.

படி 3: நெடிலைக் காட்டும் இ, குறிலைக் காக்கும் இரட்டை

குழாயும் டேப், ஒட்டும் நாடாவும் டேப். குழாய் டீ-ஏ-பீ. நாடாவுக்குக் கடைசியில் இ ஒன்று கூடும். அந்த இ இன்று மௌனம், ஆனால் முன்னால் உள்ள உயிரின் பெயரையே அதன் ஒலியாக்குகிறது. பழைய ஆங்கிலத்தில் பெயருக்கு "நம" என்றே சொன்னார்கள், பிறகு "நாமெ" என்று ஈரசையாகச் சொன்னார்கள். கடைசி உயிர் தேய்ந்து போனது. பிறகு ஏறத்தாழ 1400இலிருந்து 1700 வரை நெடில்கள் எல்லாம் வாயில் இடம் மாறின. "நாம்" நேம் ஆனது, "வீஃப்" வைஃப் ஆனது, "ஹூஸ்" ஹவுஸ் ஆனது, "ஃபேட்" ஃபீட் ஆனது. ஏ என்ற எழுத்துக்கு ஆ ஒலி போய், ஐ என்ற எழுத்துக்கு ஈ ஒலி போய், எழுத்துகளின் பெயரே மாறியது இந்தக் காலத்தில்தான். நம் பிள்ளை நேம் என்ற சொல்லை "நாமெ" என்று எழுத்துக் கூட்டிப் படித்தால் திட்ட வேண்டாம். அறுநூறு ஆண்டுக்கு முந்தைய லண்டன்காரர் அப்படித்தான் படித்திருப்பார்.

இதிலிருந்தே இரட்டிப்பு விதி பிறக்கிறது. ஒரே அசை, ஒரே உயிர், ஒரே மெய்யில் முடிந்தால், ஐ-என்-ஜி அல்லது இ-டி சேர்க்கும்போது மெய்யை இரட்டியுங்கள்: ஸ்டாப், ஸ்டாப்பிங். இயில் முடிந்தால் இயை எடுத்துவிட்டுச் சேருங்கள்: ஹோப், ஹோப்பிங்கில் ஒரே பீ. ஈரசைச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் இருந்தால் மட்டும் இரட்டும்: பிகின், பிகினிங், அக்கர், அக்கர்ட், ரெஃபர், ரெஃபர்ட். அழுத்தம் முதலசையில் இருந்தால் இரட்டாது: ஓப்பன், விசிட், ஆஃபர், என்டர். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை, அதனால் இதைக் காதால் பிடிப்பது நமக்குக் கடினம். அகராதியில் அழுத்தமான அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு நிமிர்ந்த கோடு இருக்கும், அதைப் பார்க்கப் பழக்குங்கள். எல்லில் முடியும் டிராவல் போன்றவை அழுத்தம் எங்கே இருந்தாலும் பிரிட்டிஷ் வழக்கில் இரட்டும். நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழக்கில் இருக்கின்றன. போனின் தானியங்கித் திருத்தம் அமெரிக்க வழக்கில் இருந்தால் அதைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும், பதற வேண்டாம். கலர் என்ற சொல்லில் யூவை எடுத்தது, சென்டரில் கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றியது போன்றவை நோவா வெப்ஸ்டர் அமெரிக்காவில் பரப்பியவை. அவருடைய பெரிய அகராதி 1828இல் வந்தது.

சி, ஜி இரண்டும் இ, ஐ, ஒய் முன்னால் மென்மையாகும்: சிட்டி, செல், ஜெம். மற்ற இடங்களில் சிக்குக் க ஒலி. ஆகவே இ, ஐ முன்னால் க ஒலி வேண்டுமானால் கே எழுத வேண்டும்: கிட், கீப், கிச்சன். பிக்னிக்கிங் எழுதும்போது இடையில் கே நுழைவது இதற்காகவே. நோட்டீசபிள், சேஞ்சபிள் இரண்டிலும் இயை விடக் கூடாது, விட்டால் சியும் ஜியும் வன்மையாகிவிடும். கெட், கிவ், கிஃப்ட் ஆகியவை ஜியை வன்மையாகவே வைத்திருக்கின்றன. அந்த உச்சரிப்பு, வடக்கிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிச் செல்வாக்கில் நிலைத்தது. ஜியை மென்மையாக்கும் விதி பிரெஞ்சு வழியாக வந்தது, அது அவற்றைத் தொடவில்லை. கைடு, கெஸ், கிட்டார் மூன்றிலும் ஜியை வன்மையாகக் காக்க யூ ஒன்று நடுவில் நிற்கிறது.

குறிலை அடுத்து முடிவில் க ஒலி வந்தால் சி-கே, ச ஒலி வந்தால் டீ-சி-எச், ஜ ஒலி வந்தால் டி-ஜி-இ: கிளாக், வாட்ச், பிரிட்ஜ். நெடிலோ வேறு மெய்யோ முன்னால் இருந்தால் கே, சி-எச், ஜி-இ மட்டும்: வீக், டீச், லார்ஜ். சச், மச், ரிச், விச் நான்கும் விலக்கு.

லவ், ஹேவ், கிவ் ஆகியவற்றில் இ ஏன் என்று பிள்ளைகள் கேட்கும். ஆங்கிலச் சொல் வியில் முடியாது என்ற பழைய வழக்கம்தான் காரணம். அந்தக் காலத்தில் யூவும் வியும் ஒரே எழுத்து. அதனாலேயே ரிவர், செவன், நெவர் போன்றவற்றில் வி இரட்டுவதில்லை, இரட்டினால் டபிள்யூவாகத் தெரியும். லவ், கம், சன் (மகன்), மங்க் எல்லாவற்றிலும் அ ஒலிக்கு ஓ வருவதும் கையெழுத்துக் காலத்தின் மிச்சம். யூ, எம், என், வி எல்லாமே குட்டைக் கோடுகளால் ஆனவை. அடுத்தடுத்து வந்தால் படிக்க முடியாது என்று எழுத்தர்கள் யூவை ஓவாக மாற்றினார்கள்.

ஐ-இயா, இ-ஐயா என்பதில் "சிக்குப் பின் மட்டும் இ-ஐ" என்ற விதி ஈ ஒலிக்கு மட்டுமே பொருந்தும். அப்படிச் சொல்லாமல் கற்பித்தால் நெய்பர், வெய்ட் எல்லாம் விதியை உடைக்கும். ஈ ஒலி என்று வரையறுத்தால் பிலீவ், சீஃப், ஃபீல்ட் ஒரு பக்கம், ரிசீவ், சீலிங், ரிசீட் மறுபக்கம் சரியாக நிற்கும். சீஸ் (பறிமுதல்), புரோட்டீன், கஃபீன், வியர்ட் நான்கையும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

இ-இயா இ-ஏயா என்பதற்கு ஒலி விதி கிடையாது. ஷேக்ஸ்பியர் காலத்தில் மீட் (சந்திப்பு) வேறு, மீட் (இறைச்சி) வேறு ஒலி. பிறகு கலந்துவிட்டன. பழைய ஒலியை கிரேட், பிரேக், ஸ்டேக் மூன்றும் இன்னும் வைத்திருக்கின்றன. குடும்பத்தைப் பார்ப்பது உதவும். கீப், கெப்ட்; ஸ்லீப், ஸ்லெப்ட் என்று இறந்தகாலத்தில் ஒரு இ குறைபவை இ-இ கூட்டம். ஹீல், ஹெல்த், மீன், மென்ட், டீல், டெல்ட் என்று இ-ஏ இரண்டும் தங்குபவை இ-ஏ கூட்டம்.

படி 4: வெட்டிப் பார்

இரட்டை எழுத்துகளில் பாதி, சொல்லின் மூட்டுகளில் விழுபவை. மூட்டு தெரிந்தால் எண்ணிக்கை தெரியும். டிசப்பாயின்ட் என்பது டிஸ் சேர்ந்த அப்பாயின்ட், எனவே எஸ் ஒன்று, பீ இரண்டு. ரெகமெண்ட் என்பது ரீ சேர்ந்த கமெண்ட், எனவே சி ஒன்று, எம் இரண்டு. டுமாரோ என்பது டு, மாரோ, எம் ஒன்றுதான். புரொஃபசர் என்பது புரோ, ஃபெஸ். எஃப் ஒன்று, எஸ் இரண்டு. நெசசரியில் நெ, செஸ். சி ஒன்று, எஸ் இரண்டு.

லத்தீனில் "ஆட்" என்ற முன்னொட்டு அடுத்த எழுத்தாகவே மாறிவிடும், தமிழில் "பல் பொடி" பற்பொடி ஆவதுபோல். ஆட், சி முன்னால் ஆக் ஆகும். எஃப் முன்னால் ஆஃப் ஆகும். பீ முன்னால் ஆப் ஆகும். அக்காமடேஷனில் ஆக், பிறகு காம், பிறகு மோட் என்று வெட்டினால் இரண்டு சி, இரண்டு எம் இரண்டும் தானாக வந்துவிடும். லாட்ஜ் பலகைகளில் எம் ஒன்று காணாமல் போவது சாதாரணம். பிள்ளைகளை மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே டவுன்ஹால் ரோடு பக்கம் கூட்டிப்போனால் பலகைகளைப் பார்த்துச் சரியானவை எத்தனை என்று எண்ணச் சொல்லலாம். நல்ல பயிற்சி அது.

ஷன் என்று முடிபவற்றுக்கும் வெட்டே வழி. வினைச்சொல் எஸ்-எஸ்ஸில் முடிந்தால் எஸ் இரண்டு: டிஸ்கஸ், டிஸ்கஷன். எம்-ஐ-டீயில் முடிந்தாலும் எஸ் இரண்டு: பெர்மிட், பெர்மிஷன். டி-இயில் முடிந்தால் எஸ் ஒன்று: டிசைட், டிசிஷன். மீதி பெரும்பாலும் டீ-ஐ-ஓ-என். அட்டென்ஷன், இன்டென்ஷன் இரண்டும் டியில் முடியும் வினையிலிருந்து வந்தும் டீ எடுப்பவை.

படி 5: சொல் எந்த ஊர்க்காரர் என்று கேள்

அறிவியல் பாடத்தில் எஃப் ஒலி வந்தால் பீ-எச்சைச் சந்தேகியுங்கள், க ஒலி வந்தால் சி-எச்சை, இ ஒலி வந்தால் ஒய்யை. ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, சிஸ்டம் எல்லாம் கிரேக்க மூலம். கிரேக்கத்தில் காற்றோடு வெடிக்கும் ஒரு ப, ஒரு க இருந்தன. ரோமானியர் அதைக் காட்ட எச் சேர்த்து எழுதினார்கள். ஸ்கூல், ஸ்டமக், எக்கோ மூன்றும் அந்த வீட்டுப் பிள்ளைகள். சைக்காலஜி பீ-எஸ்ஸில் தொடங்குவதும் கிரேக்க மூலத்தால்தான்.

சி-எச்சுக்கு ச ஒலி என்றால் ஆங்கிலமோ பழைய பிரெஞ்சோ: சேர், சேஞ்ச், சீஃப். ஷ ஒலி என்றால் பிற்காலப் பிரெஞ்சு: மெஷின், ஷெஃப், பிரோஷர், பாராஷூட். சீஃபும் ஷெஃபும் ஒரே பிரெஞ்சுச் சொல், இரண்டு முறை கடன் வாங்கப்பட்டது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் இரண்டையும் மறக்க மாட்டார்கள்.

1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்கள் உள்ளூர்ச் சொற்களுக்கும் தங்கள் சட்டையைப் போட்டார்கள். குவீன் அதற்கு முன் சி-டபிள்யூ என்று தொடங்கியது, அவர்கள் கியூ-யூ ஆக்கினார்கள். ஹவுஸில் வெறும் யூ இருந்தது, ஓ-யூ ஆனது.

நம் பக்கமிருந்தும் சொற்கள் போயிருக்கின்றன. கட்டுமரம் சி-ஏ-டீ-ஏ என்று ஒற்றை டீயோடு போய்ச் சேர்ந்தது, ஆங்கிலக் காதில் நம் இரட்டிப்பு விழவில்லை. சுருட்டு சி-எச்சில் தொடங்கி ஓ-ஓ-டீயில் முடிந்தது. மிளகுத்தண்ணி என்பதில் "தண்"ணுக்கு டீ-ஏ-டபிள்யூ-என் என்று எழுதினார்கள். இந்த மூன்றையும் கரும்பலகையில் போட்டு, எந்த ஒலி எப்படி மாறியது என்று பிள்ளைகளையே சொல்ல வையுங்கள். தமிழ்க் காதும் ஆங்கிலக் காதும் எங்கே பிரிகின்றன என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும்.

படி 6: மௌன எழுத்துக்குப் பேச்சுக் கொடு

மௌன எழுத்து இரண்டு வகை. ஒருகாலத்தில் பேசியவை ஒன்று. நைஃப், நீ (முழங்கால்), நோ (அறி) எல்லாவற்றிலும் கே 17ஆம் நூற்றாண்டுவரை ஒலித்தது. ஜெர்மனில் முழங்காலுக்கு இன்றும் "க்னீ" என்றே சொல்கிறார்கள். நைட்டில் ஜி-எச் தொண்டையில் உரசும் ஒரு ஹ. பெரும்பாலும் தேய்ந்து போனது, லாஃப், காஃப், ரஃப், இனஃப் போன்ற சிலவற்றில் எஃபாக மாறித் தங்கியது. வாக், டாக், ஹாஃப், காம் எல்லாவற்றிலும் ஏவுக்கும் கே, எஃப், எம்முக்கும் நடுவில் இருந்த எல் கரைந்தது. மில்க், ஃபிலிம், செல்ஃப் ஆகியவற்றில் முன்னால் வேறு உயிர் இருப்பதால் எல் பிழைத்தது. இரண்டைக் குறிக்கும் டூவில் டபிள்யூ ஏன் என்றால் ட்வின், ட்வெல்வ், ட்வென்டி, ட்வைஸ் என்று குடும்பத்தையே சொல்லுங்கள். டபிள்யூ-ஆரில் தொடங்குபவற்றில் முறுக்கல் பொருள் அதிகம்: ரிஸ்ட், ரிங் (பிழி), ரேப் (சுற்று), ரென்ச். ராங் என்பதும் முதலில் கோணல் என்றே பொருள்பட்டது.

இரண்டாவது வகை, ஒருபோதும் பேசாதவை. கடனைக் குறிக்கும் டெட் பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்தது. லத்தீன் மேல் மோகம் கொண்ட படிப்பாளிகள் டெபிட்டின் உறவு தெரியட்டும் என்று பியைச் செருகினார்கள். டவுட்டின் பி, ரிசீட்டின் பீ அதே கதை. ஐலண்டில் எஸ் வெறும் தவறு. அது சுத்த ஆங்கிலச் சொல், லத்தீன் வழி வந்த ஐல் என்ற வேறு சொல்லைப் பார்த்து எஸ் ஒட்டினார்கள். குட் என்பதில் எல் நுழைந்தது வுட், ஷுட் இரண்டையும் பார்த்து.

கற்பிக்கும் முறை இதுதான்: மௌன எழுத்து பேசும் உறவுச் சொல்லைக் கண்டுபிடி. சைன், சிக்னல். டெட், டெபிட். பாம், பம்பார்ட். மஸில், மஸ்குலர். சாஃபன், சாஃப்ட். உறவு கிடைக்காவிட்டால் ரகசிய உச்சரிப்பு: மனதுக்குள் "க்னைஃப்", "ஐஸ்-லேண்ட்", "வெட்-நெஸ்-டே" என்று சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எழுதியபடி படிக்கும் தமிழ்ப் பழக்கம் இங்கே பெரிய சொத்து. சத்தமாகப் பேசும்போது மட்டும் இன்றைய உச்சரிப்பு.

இலக்கணத்திலும் ஒரு இடத்தில் இதே மனப்பாங்கு வேண்டும். இறந்தகால இ-டி வாக்ட்டில் "ட்" என்றும், பிளேடில் "ட்" மென்மையாகவும், வான்டெட்டில் "டெட்" என்றும் மூன்று விதமாக ஒலிக்கும், எழுத்து மட்டும் மாறாது. பன்மை எஸ்ஸும் அப்படியே. ஒலியைக் கேட்டு வாக்ட்டுக்கு டீ போடும் பிள்ளையிடம், இங்கே எழுத்து காட்டுவது காலத்தை என்று சொல்லுங்கள்.

பயிற்சி நடத்தும் விதம்

ஒரு நாளுக்கு 20 நிமிடம், ஆறு புதுச் சொல், ஆறும் ஒரே குடும்பம். பார், மூட்டில் வெட்டு, மூடு, எழுது, திறந்து சரிபார். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் மறுபடி எழுத வேண்டும். சனிக்கிழமை அந்த வாரத்து முப்பதையும் கலந்து டிக்டேஷன்.

"எஸ்-சி-எச்-ஓ-ஓ-எல் ஸ்கூல்" என்று ராகம் போட்டு ஒப்பிப்பதைக் குறையுங்கள். ராகம் நடுவில் அறுந்தால் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், பரீட்சையில் அதற்கு நேரமில்லை. இம்போசிஷன் அதைவிட வீண். நைஃபைப் பத்து முறை எழுதச் சொன்னால் முதலில் பத்துக் கேயை மேலிருந்து கீழாகப் போட்டு, பிறகு பத்து என் என்று பத்தி பத்தியாக நிரப்புவார்கள், சொல் ஒருமுறைகூட முழுதாக மனதில் விழாது. ஒன்றுபோல் ஒலிக்கும் தேர், தேர் இரண்டையும் ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். இடத்தைக் குறிப்பதை ஹியர், வேர் ஆகியவற்றோடு ஒரு வாரம் கொடுங்கள், உடைமையைக் குறிப்பதை தே, தெம் ஆகியவற்றோடு அடுத்த வாரம். போனில் தட்டச்சுப் பயிற்சி என்றால் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள்.

சொந்தப் பெயரின் ஸ்பெல்லிங்

மேலே சொன்ன எந்த விதியும் பெயருக்குச் செல்லாது. தமிழ்நாட்டில் த ஒலிக்கு டீ-எச், ட ஒலிக்கு டீ அல்லது டி எழுதுவது பெருவழக்கு. ஆங்கில டீ நம் காதில் ட என்று விழுவதால் வந்த ஏற்பாடு இது. தேனி அப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால் திண்டுக்கல் டியில் தொடங்குகிறது, திருமங்கலத்துக்கு எச் உள்ளதும் இல்லாததும் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, மதுரையையே ஆங்கிலேயர் காலத்தில் கடைசி ஐ இல்லாமல் எழுதினார்கள். வடக்கே எச் என்றால் காற்றோடு வரும் ஒலி, அதனால் அங்கே நம் பெயர்களை வேறு விதமாகப் படிப்பார்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களுக்குத் தமிழ் உச்சரிப்பை ஒட்டிய ஆங்கில எழுத்தை அறிவித்தது. கோயம்புத்தூர் போன்றவற்றில் எழுத்துகள் நீண்டுபோனதற்குக் கடும் விமர்சனம் எழுந்தது, சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே பெயரில் எது சரி என்று வாதாடாமல், எல்லாச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எச் ஒன்று கூடுதலா, முடிவில் ஏ உள்ளதா, இரட்டை எழுத்து எங்கே, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன் பள்ளியில் சரிபார்க்கச் சொல்வார்கள். அன்று பெற்றோர் நேரில் போய், தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு மாற்ற வேண்டுமானால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.